பின்னால் தாழ்தள டிராம் வருகிறது

எனக்கு முதுகுவலி வந்ததே இல்லை. ஐம்பத்தாறு வயதில் அப்படிச் சொல்லிக்கொள்ள எங்கள் டிப்போவில் வேறு ஆள் கிடையாது. பதினோரு வருடம் ஒரு பெண்ணை நாள் தவறாமல் தூக்கியவன் நான். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன், மேடம். நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

அந்தப் பெண் என் மனைவி தனூதா. நரம்பு நோய் வந்து கால்கள் செயலிழந்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு. பழைய டிராம்களில் ஏற மூன்று படி, ஒவ்வொன்றும் செங்குத்து. அவளைத் தூக்கி உள்ளே உட்காரவைத்துவிட்டு, இறங்கிப்போய் சக்கர நாற்காலியை ஏற்றுவேன். ஓட்டுநர் மணி அடிக்காமல் காத்திருப்பார். அவள் கை என் கழுத்தைச் சுற்றி இருக்கும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நான் உயிரோடு இருந்தேன் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம்.

போலந்தின் வடக்கு மூலையில் இருக்கும் எங்கள் நகரத்துக்குத் தாழ்தள டிராம்கள் தாமதமாகத்தான் வந்தன. மொத்தம் எட்டு. மூன்று பெட்டி, நடுவே துருத்தி மாதிரி வளைந்துகொடுக்கும் இணைப்பு, தரை நடைமேடைக்குச் சமம். குறை சொல்ல முடியாத வண்டி. முதல் நாளே தனூதா நாற்காலியை உருட்டிக்கொண்டு தானாக உள்ளே போய்விட்டாள்.

"வித்தெக், இனிமே உன் முதுகுக்கு லீவு. வீட்ல போய்க் காலை நீட்டிப் படு" என்றாள்.

வண்டியில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு அவள் நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். செவ்வாய் நீச்சல், வியாழன் பாட்டுக் குழு. நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் தாழ்தள வண்டி வரும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாகச் சக்கர நாற்காலிப் படம் இருக்கும். அந்த நேரங்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். நான் வேலை முடிந்து வரும்போது அடுப்பில் சூப் இருக்கும், அவள் இருக்க மாட்டாள்.

எந்த டிராம் எந்தத் தடத்துக்கு என்று ஒதுக்குவது என் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் ஒன்பதாம் தடத்துத் தாழ்தள வண்டி பழுதாகிப் பணிமனையில் இருப்பதாக எழுதிவிட்டு, படி வைத்த பழைய வண்டியை அனுப்பினேன். அன்று மாலை அவள் நிறுத்தத்திலிருந்து போன் செய்தாள். "வந்து தூக்கிட்டுப் போறியா?" ஓடினேன். அப்புறம் வாரத்தில் இரண்டு நாள், அப்புறம் நான்கு. அட்டவணையில் படம் இருந்தது, வண்டி வரவில்லை, அவ்வளவுதான். யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

ஓட்டுநர் ரோமெக் மட்டும் ஒருநாள் கேட்டான். "அண்ணே, ஒம்போதாம் தடத்துல வீல்சேர் ஆளுங்க நாலு பேரு இருக்காங்க. பனியில நின்னு வண்டி வண்டியாப் பாத்துட்டுத் திரும்பிப் போறாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

"ஸ்பேர் பார்ட்ஸ் வரலன்னு சொல்லு" என்றேன். நான்கு பேரில் மூன்று பேரை எனக்குத் தெரியாது.

தனூதா ஏமாளி இல்லை. பணிமனையில் இருப்பதாக நான் சொன்ன வண்டி நாலாம் தடத்தில் ஓடுவதை டிசம்பரில் நூலக ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். சத்தம் போடவில்லை.

"நீ என்னைத் தூக்கல வித்தெக். கட்டிப் போட்டிருக்கே. கிறிஸ்துமஸுக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வர மாட்டேன்."

அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாருக்காகக் கதவைத் திறப்பேன்? இரண்டு வாரம் தூங்கவில்லை. கெஞ்சத் தெரியவில்லை எனக்கு. வண்டி ஒதுக்கத்தான் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எங்கள் ஊரில் டிராம்கள் நாலு மணியோடு டிப்போவுக்குத் திரும்பிவிடும். முதல் நட்சத்திரம் தெரிந்ததும் எல்லோரும் சாப்பாட்டு மேசைக்குப் போய்விடுவார்கள். டாக்சி கிடைக்காது, தெருவில் ஈ காக்கை இருக்காது. ஒன்பதாம் தடத்தின் கடைசி இரண்டு வண்டிகளுக்கும் அட்டவணையில் படம் உண்டு. இரண்டுக்கும் படி வண்டியைப் போட்டேன்.

கடைசி வண்டியிலிருந்து ரோமெக் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டான். "அண்ணே, அண்ணி நிறுத்தத்துல பெட்டியோட நிக்கிறாங்க. முன்னால போன வண்டியும் படி வண்டிதானாம். இறங்கி நான் தூக்கி ஏத்திடட்டுமா?"

"வேண்டாம். படியெல்லாம் ஐஸா இருக்கும், வழுக்கிடும். பின்னால அவளுக்குன்னே தாழ்தள வண்டி ஒண்ணு தனியா அனுப்பியிருக்கேன். காத்திருக்கச் சொல்லு."

"அண்ணின்னா சும்மாவா" என்று சிரித்துவிட்டு அவன் போய்விட்டான். பின்னால் எந்த வண்டியும் வரவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து நிறுத்தம் வரை இறக்கம். நாற்காலியில் இறங்கிவிடலாம். பனி உறைந்துவிட்டால் ஏற முடியாது. நிறுத்தத்தைத் தாண்டாமல், காட்டுப் பக்கத்துச் சாலை வழியாக டிப்போ காரை ஓட்டி வீட்டுக்கு வந்தேன். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் நிறுத்தம் தெரியும். விளக்கடியில் உட்கார்ந்து தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைனஸ் பதினான்கு டிகிரி.

மேசையில் மூன்று தட்டு வைத்தேன். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, வழக்கப்படி எதிர்பாராமல் கதவைத் தட்டும் யாருக்கோ ஒன்று. பீட்ரூட் சூப்பை இரண்டு முறை சூடாக்கினேன். சட்டைப் பையில் போன் ஏழு முறை அதிர்ந்தது. ஏழு முறையும் அவள் பெயர்தான். எடுக்கவில்லை. இப்படிப்பட்ட விஷயத்தைப் போனில் பேசக் கூடாது. அப்புறம் அதிரவில்லை. பழைய போன், குளிரில் பேட்டரி இறங்கியிருக்கும். ஆறு மணி வாக்கில் அவள் தலை சாய்ந்தது. தூங்குகிறாள் என்று நினைத்தேன். நள்ளிரவுப் பூசைக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் அவளைப் பார்த்துவிட்டு உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார்கள்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள், மேடம். அவ்வளவு நேரமும் நான் கோட்டையும் பூட்ஸையும் கழற்றவில்லை. ஓடிப்போய் அவளைத் தூக்கிவரத் தயாராகத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு தடவை அவள் என்னைக் கூப்பிட்டிருந்தால் போதும்.