யாராலும் பூட்ட முடியாத கொக்கி

தலைமையேற்றிருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, முன்வரிசையில் சக்கர நாற்காலிகளில் வீற்றிருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு இந்த மண்டபத்தின் மேடேறி வந்த தாய்மார்களே, என் வணக்கத்தை ஏற்றருளுங்கள்!

திகைத்துப்போய் நிற்கிறேன் அன்பர்களே! அந்தத் திகைப்பு இன்னும் தீரவில்லை!

என் அக்கா தையற்காரி. சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். கடைவாசல் சாய்தளத்தில் ஒருநாள் கை சோர்ந்தது. நாற்காலி பின்னால் உருண்டு நடுச்சாலைக்கே போனது. லாரிக்காரர் பிரேக்கை மிதித்ததால் பிழைத்தாள். அழுதாளா? அரற்றினாளா? பழைய சைக்கிளின் பல்சக்கரத்தை எடுத்தாள். அதை நாற்காலிச் சக்கரத்தில் பொருத்தி, பல்லில் விழும்படி ஒரு கொக்கி மாட்டினாள். நாற்காலி முன்னே போகும், பின்னே உருளாது! செய்த விதத்தை வீடியோ எடுத்து இணையத்தில் போட்டாள்.

"அதுக்கு என்ன வாங்கினாங்க?" என்கிறாரே பின்வரிசை அண்ணன்! ஒன்றும் வாங்கவில்லை ஐயா! தன் உயிருக்காகச் செய்தாள். ஊருக்குக் கொடுத்ததால் அவளுக்கு என்ன குறைந்தது? குறையவில்லை, கூடியது! எங்கோ ஒரு வெல்டிங் பட்டறைக்காரர், தம் மனைவிக்காக, பின்னே போக வேண்டும்போது கொக்கியை ஒரே கையால் விடுவிக்கும்படி திருத்தி, அவரும் வீடியோ போட்டார். அந்தத் திருத்தம் அக்காவின் நாற்காலிக்கே வந்து சேர்ந்தது!

பிறகுதான் இடி விழுந்தது. புது நாற்காலி பார்க்க ஷோரூமுக்குப் போனோம். கண்ணாடிக்குள் எங்கள் கொக்கி! அதே பல், அதே வளைவு!

"இது எங்க கம்பெனி கண்டுபிடிப்பு மேடம். காப்புரிமைக்குப் போட்டிருக்கோம். வேற யாரும் செய்யக்கூடாது" என்றார் விற்பனையாளர்.

அக்கா என்ன செய்தாள் தெரியுமா? தன் சக்கரத்திலிருந்த கொக்கியைக் கையால் மூடிக்கொண்டாள், அன்பர்களே, திருடியவளைப் போல!

விடுவோமா? காப்புரிமை அலுவலகத்தில் ஆட்சேபித்தோம். விசாரணையில் இரண்டு வீடியோக்களும் ஓடின. அதிகாரி, கம்பெனியின் பொறியாளரைப் பார்த்தார்.

"இதை முன்னாடியே பாத்திருக்கீங்களா?"

"பாத்தேன் சார். பாத்துதான் வரைஞ்சேன்."

கம்பெனி முதலாளியின் முகம் வெளிறியது. ஊரறிய ஏற்கெனவே வெளியானதற்குக் காப்புரிமை கிடையாது என்றார் அதிகாரி. விண்ணப்பம் தள்ளுபடி!

வாசலில் அதே பொறியாளர் தயங்கி நின்றார். "அக்கா, இனிமே எங்க நாற்காலியில இதைப் போடலாமா?"

"தாராளமா போடுங்க தம்பி. எதையாவது மாத்தினா எங்களுக்கும் காட்டுங்க. அவ்வளவுதான்."

கேட்டீர்களா? உரிமை கேட்டவர்களுக்கு இல்லை என்றது சட்டம். உதவி கேட்டவருக்கு எடுத்துக்கொள் என்றாள் என் அக்கா! உங்கள் வீட்டிலும் வளைத்து, முறுக்கி, ஒட்டுப்போட்டு ஒரு பொருள் வைத்திருக்கிறீர்களே, அதை நாளைக்கே நாலு பேருக்குக் காட்டுங்கள்! மறைத்து வைத்தால் எவரேனும் தமதென்பார். திறந்து வைத்தால் எவராலும் பூட்ட முடியாது!

பொறுமையோடு செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!