எங்கள் காதுக்கு மட்டும் படித்தவர்

மேடையில் இருக்கும் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, மூட்டை சுமந்து முதுகு வளைந்த என் தோழர்களே, முன்வரிசையில் கணவனை இழந்து உட்கார்ந்திருக்கும் தங்கச்சி, எல்லாருக்கும் வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு முன்னால் பேசியவர்கள் நம் திருப்புளியார் எப்போதும் சிரித்த முகம் என்றார்கள். பொய்! கடைசி மூன்று வருடம் அந்த மனிதர் கொதித்துக்கொண்டுதான் இருந்தார். ஏன் கொதித்தார்? அதைச் சொல்லாமல் இறங்க எனக்கு மனமில்லை.

நம் சங்கத்தின் கணினி அறைப் பொறுப்பாளர் அவர். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு திருப்புளி. அதனால் அந்தப் பெயர். எழுத்தே தெரியாதவர்கள் என்னோடு சேர்த்து நாற்பத்தொரு பேர் இங்கே இருக்கிறோம். மருத்துவமனையிலிருந்து நம் பரிசோதனை முடிவுகள் கோப்பாக வரும். அதை வாய்விட்டுப் படிக்கும் இணையதளம் ஒன்றை அவரே உருவாக்கினார். பிரவுசரில் அப்போது ஒரு வசதி இருந்தது. இந்த மாதிரிக் கோப்பு வந்தால் இந்தத் தளத்திடம் கொடு என்று ஒரு தடவை சொல்லி வைத்தால் போதும்; அப்புறம் கோப்பைத் தொட்டதுமே தளம் திறந்து படிக்கும். காதில் ஹெட்போன். என் நோய் எனக்கு மட்டும் தெரியும்!

ஒரு திங்கட்கிழமை தொட்டேன். சத்தமே இல்லை. கோப்பு எங்கேயோ இறங்கி ஒரு மூலையில் கிடந்தது.

"என்னத்த அமுக்கித் தொலைச்சீங்கண்ணே?" என்று பாய்ந்தார் திருப்புளியார்.

"சத்தியமா ஒண்ணும் பண்ணலப்பா."

வியாழக்கிழமை என் வீட்டுக்கே வந்தார். "உங்க மேல தப்பில்லண்ணே. பிரவுசர்காரன் புதுசு போடும்போது அந்த வசதியையே தூக்கிட்டான். பழசாப் போச்சாம். யாரும் அதைத் தொடுறதில்லையாம்."

"அப்ப நான் யாருடா?"

நாற்பத்தொரு பேர், யாருமே இல்லையா? திருப்புளியார் அந்த பிரவுசர் கம்பெனிக்குப் பதினோரு கடிதம் எழுதினார். ஒன்றுக்குத்தான் பதில் வந்தது: 'உங்கள் கருத்துக்கு நன்றி.' கருத்தா? ஐயா, அது எங்கள் மானம்! தளம் வாய் மூடிய அந்த வாரமே என் ஸ்கேன் முடிவை மருமகள் சம்பந்தி முன்னால் உரக்க வாசித்தாள். "மாமா, உங்களுக்கு வீக்கமாம், எங்கேன்னா..." என்று ஆரம்பித்தவளை நிறுத்த முடிந்ததா என்னால்?

அன்றிலிருந்து தினமும் காலையில் கணினி அறையில் திருப்புளியாரே வந்து உட்கார்ந்தார். கோப்பைத் தேடிப் பிடித்து, தளத்தைத் திறந்து, அதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க ஏழு வேலை. தொட்டால் போதும் என்றிருந்ததற்கு ஏழு! ஒவ்வொருவருக்கும் செய்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

"ஏன்டா தம்பி திரும்பிக்கிறே?"

"பழகின கண்ணுண்ணே. பட்டாலே படிச்சுடும்."

செயலாளர் அவர்களே, இன்று காலை என்னிடம் என்ன சொன்னீர்கள்? "ஆளே போயிட்டாரு பெரியவரே, ரூமைப் பூட்டிடலாம். வீட்ல யாராவது வாசிச்சுக் காட்ட மாட்டாங்களா?" காட்டுவார்கள் ஐயா. ஊருக்கே சேர்த்துக் காட்டுவார்கள்!

பூட்டாதீர்கள். அந்த ஏழு வேலையையும் மூன்று வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். எந்தப் படம், எந்த மூலை, எத்தனை தடவை அமுக்க வேண்டும், அத்தனையும் மனப்பாடம். நாளை ஒன்பது மணிக்கு அந்த நாற்காலியில் நான் உட்காருவேன். தோழர்களே, கூச்சப்படாமல் வாருங்கள். உங்கள் நோய் திரை முழுக்க விரிந்து கிடந்தாலும் எனக்கு ஒரு எழுத்து புரியாது.

சாவியைக் கொடுங்கள், செயலாளர் அவர்களே.