புற்றுமண் மாதிரி பூசிய களிம்பு

சங்கரன்கோவிலைத் தாண்டவில்லை பஸ். முன்சீட்டில் கைக்குழந்தைக்காரி பூரித்துப்போய்ச் சொன்னாள்:

“மதினி, ரெண்டாவது டியூபும் காலி! பிள்ளைக்குச் சொறி போன இடம் தெரியல!”

“டாக்டர் எங்க போடச் சொன்னாரு?” பக்கத்திலிருந்த மதினி கேட்டாள்.

“முழங்கை மடிப்புல, லேசா, அஞ்சு நாளைக்கு. கோயில் புத்துமண்ணை உடம்பு பூராத்தான பூசுதோம்? இந்தக் களிம்பை அப்படியே மூஞ்சியிலயும் தினம் அப்புதேன். என்னமா பளபளக்கான் பாருங்க!”

“ஏட்டி, அது சாமி மண்ணு. இது ஸ்டீராய்டு! பிஞ்சுத் தோலு மெலிஞ்சிரும்.”

தாய் பிள்ளையின் கன்னத்தை வெளிச்சத்தில் திருப்பினாள். பளபளப்புக்கடியில் மெல்லிய சிவப்பு நரம்புகள்.

“அண்ணாச்சி, நிறுத்துங்க! டாக்டர் கிளம்புததுக்குள்ள காட்டணும்!”

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

“களிம்பு பேரைச் சொல்லிட்டு இறங்கும்மா. எம்பேத்திக்கும் தினம் ஒண்ணு பூசுதாவ.”