சட்டைப் பையில் இருந்த மலை

கல்வராயன் மலை முழுவதும் ஒன்றரை வருஷம் என் சட்டைப் பைக்குள் இருந்தது. வெள்ளிமலை, கரியாலூர், அருவி, கடுக்காய் மரம், கரடி, எல்லாம் அடக்கம். சிரிக்காதீர்கள் மேடம், எழுதிக்கொள்ளுங்கள். அதோ ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் மனைவி பெரியநாயகியும் இப்படித்தான் சிரிப்பாள். இந்தத் தனசேகரன் சொன்னதில் ஒன்றையாவது நம்பியிருக்கிறாளா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்பாள்.

எனக்கு வெயில் ஆகாது. எல்லாம் அதில் ஆரம்பித்ததுதான். கரியாலூர் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தால், கள்ளக்குறிச்சி வெயில் மண்டைக்குள் இறங்கி உலை வைக்கிறது. துருகம் ரோட்டில் அந்த மூன்று மாடிக் கடை இருக்கிறதே, அங்கே நல்ல ஏசி. பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் வயசானவர்களுக்கென்று ஒரு நாற்காலி. நான் உட்கார்ந்த உட்காரலில் அது என் முதுகின் வடிவத்துக்கே வந்துவிட்டது.

பில் போடும் பெண் எல்லோரிடமும் போன் நம்பர் கேட்கும். சொன்னால் நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளி. ஒரு புள்ளி என்றால் ஒரு ரூபாய். சேர்த்துவைத்து வேண்டிய சாமானை எடுத்துக்கொள்ளலாம். மலையிலிருந்து வரும் பெண்கள் பாவம், போன் புருஷனோடு கேரளாவுக்குப் போயிருக்கும். புள்ளி வீணாகப் போவதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. என் நம்பரைச் சொல்லச் சொன்னேன். உதவிதான்.

அதைச் சீட்டாக மாற்றியவள் ஜெயம்மாள். கரியாலூரில் அருவிக்குப் போகிற வழியில் சுண்டலும் ஆம்லெட்டும் விற்கிறவள்.

"கண்டக்டரண்ணே, எல்லாரும் உங்க நம்பரே சொல்றோம். ஏலச்சீட்டு மாதிரி வெச்சிக்கலாம். மொத சீட்டு எனக்கு. ஒரு ஃபிரிட்ஜு எடுத்துக்கறேன்."

"மலையில ஃபிரிட்ஜு இன்னாத்துக்கும்மா?"

"டூரிஸ்ட்காரன் எறங்கனதும் ஜில்லுனு எதுனா இருக்கான்னுதான் கேக்கறான். இல்லன்னா வண்டிய எடுத்துக்கினு போய்க்கினே இருக்கறான். பொண்ணுக்குக் காலேஜு ஃபீஸு சுண்டல்ல தேறாதுண்ணே."

"என்னை நம்பிக் குடுக்கறியா?"

"உங்க பஸ்ஸுல எங்க மூட்டை எதுனா தொலஞ்சிருக்கா?"

தொலையவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்து மலை இறங்கி அந்தக் கடைக்குள் வந்தவர்கள் அத்தனை பேரும் என் நம்பரைத்தான் சொன்னார்கள். பேரப்பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுக்கு முன்னால் என் நம்பரைக் கற்றுக்கொடுத்தார்கள். போன் கனத்துப்போய் என் சட்டை ஒரு பக்கமாகத் தொங்கியது. ஃபிரிட்ஜுக்கான புள்ளி சேர்ந்த அன்றைக்கு, அடுத்த சந்தைக்கு வரும்போது ஜெயம்மாளிடம் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

அப்போதுதான் மெசேஜ் வந்தது. மதிப்புமிக்க வாடிக்கையாளரே, தங்கள் நலன் கருதிப் புள்ளிகளின் மதிப்பு சீரமைக்கப்படுகிறது. என்ன சீரமைப்பு என்றால், ஒன்றாம் தேதியிலிருந்து ஒரு புள்ளிக்குப் பத்து பைசா.

எனக்கு வந்த எரிச்சலை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் மேடம். நான் டிக்கெட் கிழித்தவன். கச்சிராயபாளையத்தில் கரியாலூருக்கு டிக்கெட் கொடுத்துவிட்டு, மலை ஏறுகிற மூணாவது வளைவில் வண்டியை நிறுத்தி, உன் டிக்கெட்டின் மதிப்பு சீரமைக்கப்பட்டது, இங்கேயே இறங்கு என்று நான் சொன்னால் விடுவார்களா? என்னை அருவியில் தள்ளியிருப்பார்கள். மெசேஜில் இருந்த நம்பருக்கு அடித்தேன். ஒன்றை அழுத்து, நாலை அழுத்து, பிறகு ஒரு பாட்டு. ஆடி முழுக்க அந்தப் பாட்டைக் கேட்டேன். என் இடது காது இன்னமும் அதே ராகத்தில்தான் இரைகிறது.

கடை மேனேஜர் பைரோஸ் நல்ல பையன். இந்த ஊர்ப் பையன்தான். அவனிடம் சண்டைக்குப் போனேன்.

"பெரியவரே, எனக்கே நேத்துதாங்க சொன்னாங்க. மெட்ராஸ்ல எடுத்த முடிவு. நானும் எவ்ளோ சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்கறாங்க. மாசக் கடைசிக்குள்ள வந்து உங்க சாமான எடுத்துக்குங்க. அப்படியே மலைக்கும் சொல்லி வுட்டுடுங்க."

அவன் சொன்னபடி செய்தேன். மாசக் கடைசிக்குள் ஃபிரிட்ஜை எடுத்துவிட்டேன். வண்டி வைத்து என் வீட்டில் இறக்கினேன். மலைக்குச் சொல்லி அனுப்புவதில் எனக்கு ஒரு யோசனை இருந்தது. கரியாலூரில் மார்கழியில் தண்ணீரைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். அந்த மலையே ஒரு ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜுக்குள் எதற்கு இன்னொரு ஃபிரிட்ஜ்? வெயிலில் கிடப்பவன் நான். யாராக இருந்தாலும் இப்படித்தான் யோசிப்பார்கள்.

பெரியநாயகியிடம், காட்டாற்று வெள்ளத்தில் பஸ்ஸைத் தோளில் தாங்கியதற்கு அரசாங்கம் அனுப்பிய பரிசு என்றேன்.

"ஏன், கவர்மெண்ட்டுக்கு வேற வேல இல்லியா?" என்றாள். இன்றுவரை அதில் ஒரு எலுமிச்சம்பழம்கூட வைக்கவில்லை. காலையில் பால் காய்ச்சுவாள், மிச்சத்தை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பாள். ஃபிரிட்ஜ் காலியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒன்றாம் தேதி கழிந்து ஜெயம்மாள் வந்தாள். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. போனை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். ஒரு புள்ளிக்குப் பத்து பைசா என்ற மெசேஜ். மீதி இருந்த கொஞ்சம் புள்ளி. இரண்டும் நிஜம். நடுவில் வந்திருந்த ஒரு மெசேஜை மட்டும் முன்பே அழித்திருந்தேன்.

அவள் மெசேஜை விரல் வைத்துப் படித்தாள். "எல்லார் புள்ளியும் போச்சாண்ணே?" என்றாள்.

"கடக்காரன் பண்ணதும்மா. நான் இன்னா செய்யறது?"

அடுத்த சந்தை நாளில் மலையே இறங்கி வந்து கடை வாசலில் உட்கார்ந்தது. ஜெயம்மாளின் புருஷன் சடையன் முன்னால் நின்றான். கையில் ஒரு கல். எறிகிற எண்ணம் அவனுக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பைரோஸ் உள்ளே கம்ப்யூட்டரிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றான். புள்ளியைக் கொடுத்து யார், என்ன சாமான் எடுத்தார்கள் என்று அந்தத் தாளில் இருந்திருக்க வேண்டும். "எல்லாரும் உக்காருங்க, படிச்சுக் காட்டறேன்" என்றான்.

நான் எதிர்ப்பக்கம் டீக்கடை ஓரமாக நின்றிருந்தேன். என் விசில் எப்போதும் என்னோடுதான் இருக்கும். அந்த மலைக்காரர்களைக் கேளுங்கள், பிறந்ததிலிருந்து என் பஸ்ஸில் ஏறியவர்கள். ஒரு விசில் என்றால் நில். ரெண்டு விசில் என்றால் போ. அது மூளைக்குப் போகாது மேடம், நேராகக் கை காலுக்குப் போகும். என் விசிலுக்கு ஆட்டுக்குட்டிகூடப் படியில் ஏறும்.

ரெண்டு விசில் கொடுத்தேன்.

பைரோஸுக்கு வலது கண்ணில் கண்ணாடிச் சில்லு. பார்வை திரும்புவது சந்தேகம் என்கிறார்கள். இடது கண் நன்றாக இருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சடையன் கடலூர் ஜெயிலில் இருக்கிறான். ஜெயம்மாள் கடையைச் சாத்திவிட்டு ஜாமீனுக்கு அலைகிறாளாம். பெண் காலேஜுக்குப் போவது நின்றுவிட்டது. வருத்தமான விஷயம்தான். இத்தனைக்கும் காரணம், ஒரு ரூபாயைப் பத்து பைசா என்று சொன்ன அந்த மெட்ராஸ்காரர்கள். அவர்களைப் பிடிக்கிறீர்களா என்றால் இல்லை.

நானே ஏன் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று கேட்டீர்கள். விசில் சத்தம் கேட்டதும் கை தானாகப் போய்விட்டது என்று சடையன் சொன்னானாம். ஏதோ பிரமை என்று நீங்கள் எல்லோரும் சிரித்தீர்களாம். என் விசிலைப் பிரமை என்றால் நான் எப்படிப் பொறுப்பது? இந்த ஜில்லாவிலேயே அப்படி ஒரு விசில் கிடையாது.

இப்போதும் நம்ப மாட்டேன் என்கிறீர்கள். சரி, பெரியநாயகியைக் கூப்பிடுங்கள். அன்றைக்கு என் பக்கத்தில் நின்றவள்.

வந்துவிட்டாள். கேளுங்கள் மேடம்.

"இந்த மனுஷன் வாயத் தொறந்தா புளுகுதாங்க. கரடியோட டீ குடிச்சேம்பாரு. பஸ்ஸத் தோள்ல தூக்கனேம்பாரு. கழுத்த நீட்டுன நாள்லேந்து இவரு சொன்ன எதையும் நான் நம்பனதில்லீங்க."

சொன்னேனே. ஆனால் பாருங்கள், என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இப்படி அவள் என்னைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. பெருமையாகத்தான் இருக்கும்.

"இது மட்டும் நடந்துச்சுங்க. நான் காய்ப் பையப் புடிச்சிக்கினு பக்கத்துலதான் நின்னேன். ரெண்டு விசிலு அடிச்சாரு. கண்ணாடி ஒடஞ்சுது. அப்புறம் சிரிச்சாரு."