பட்டன் டப்பாவில் ஒளித்த மாத்திரை

— இன்னொரு தடவை கேக்குறேன் கண்ணு, ஒளிக்காமச் சொல்லு. ரத்தம் உறையாம இருக்கக் குடுத்த மாத்திரையை விட்டுட்டியா?

— சத்தியமா இல்ல சிஸ்டர். சாயங்காலம் ஏழு மணி ஆச்சுன்னா எங்க வீட்டுக்காரரே ஒரு கையில மாத்திரையும் ஒரு கையில தண்ணியுமா வந்து நிப்பாரு. நான் முழுங்குற வரைக்கும் நகர மாட்டாரு.

— அப்புறம் ஏன் ரத்தம் இப்படிக் கெட்டியா இருக்கு? ரெண்டரைக்குக் கீழ போகக் கூடாதுன்னு சொன்ன நம்பர் ஒண்ணே காலுக்கு வந்து நிக்குது. உன் நெஞ்சுக்குள்ள இருக்கிறது செயற்கை வால்வு. அதுல ரத்தம் கட்டிக்கிச்சுன்னா ஆளையே சாய்ச்சிடும். வேற ஏதாவது சாப்பிடுறியா?

— கதவு சாத்தியிருக்கா சிஸ்டர்?

— சாத்தித்தான் இருக்கு. சொல்லு கண்ணு.

— அவருக்குத் தெரிய வேணாம். நான் கருத்தடை மாத்திரை சாப்பிடுறேன். எட்டு மாசமா. தையல் கம்பெனியில எங்கூட வேலை பாத்த, துணி வெட்டுற அக்கா வாங்கிக் குடுத்தாங்க. வேலையை விட்டுப் போறப்ப ஆறு மாசத்துக்கு மொத்தமாவே குடுத்துட்டாங்க.

— அடிப்பாவி! கடையில கேட்டதும் எடுத்துக் குடுக்கிறதுல பாதி ரெண்டு ஹார்மோன் கலந்தது. ரத்தத்தை உறைய வைக்கிற சாமான் அது. அந்த அக்காவுக்கு ஒத்துக்கும், உனக்கு எமன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

— எப்ப கேக்குறது? என்னைத் தனியா எங்க விடுறாரு? இந்த ரத்த மாத்திரை சாப்பிடுறப்ப உண்டானா புள்ளைக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரு. அவருகிட்ட சொன்னா சிரிக்கிறாரு. உறை போட்டுக்கச் சொன்னா மூணு நாளைக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறாரு. பாக்குறவங்க எல்லாம் தங்கமான மனுஷன்ங்குறாங்க. எங்கம்மாவே அப்படித்தான் சொல்றாங்க. நான் யாருகிட்டப் போய் அழ?

— நர்ஸம்மா, மன்னிக்கணும். கதவுக்கு வெளிய நான்தான், இவ வீட்டுக்காரர். இவ காலையில சரியாச் சாப்பிடல. பிஸ்கட் வாங்கி வச்சிருக்கேன். ரொம்ப நேரம் ஆகுமா?

— கொஞ்சம் உக்காருங்க சார், கூப்பிடுறேன்.

— பாத்தீங்களா சிஸ்டர்? இப்படித்தான். இருபத்திநாலு மணி நேரமும்.

— சரி, கண்ணைத் தொடை. இதுக்கு வழி இல்லாம இல்ல. கர்ப்பப்பையில வைக்கிற சின்ன சாதனம் ஒண்ணு இருக்கு. செம்பு வச்சது வேணாம், அதுல உனக்கு ரத்தம் கொட்டும். ஒரே ஹார்மோன் உள்ளது உனக்கு ஒத்துக்கும். வச்சா வருஷக்கணக்குல கவலையில்ல. பெரிய டாக்டரைப் பாத்துக் கேட்போம்.

— அவரு கையெழுத்து வேணுமா?

— உன் உடம்பு, உன் கையெழுத்து. இப்ப சாப்பிடுற மாத்திரை எங்க இருக்கு? காட்டு, எதுன்னு பாக்குறேன்.

— இதோ, பையிலதான். சட்டைக்குப் பட்டன் தைக்கிற வேலை எனக்கு. அட்டையோட வச்சா பேரு தெரிஞ்சிடும்னு எல்லாத்தையும் பிச்சு இந்த டப்பாவுல வெள்ளை பட்டனோட பட்டனா கலந்து வச்சிட்டேன். யாரும் தொட மாட்டாங்க.

— என்ன கண்ணு, இதுல இருக்கிற மாத்திரை மஞ்சளா இருக்கு?

— மூணு மாசமாவே அப்படித்தான். அட்டையில இருந்து பிச்சதால காத்துப் பட்டு நிறம் மாறிடுச்சுன்னு நெனச்சேன்.

— காத்துப் பட்டா மாத்திரை மேல இருக்கிற எழுத்து மாறாது. இங்க பாரு. இது நாங்க வார்டுல தினமும் குடுக்கிற ஃபோலிக் மாத்திரை. உண்டாகணும்னு இருக்கிறவங்களுக்குக் குடுக்கிறது.

— ஐயோ...

— சத்தம் போடாத. ஏழு மணிக்கு அவரு குடுக்கிறது என்ன நிறம்?

— இப்ப வெள்ளை. முன்னாடி ரோஸ் கலர். கடையில கம்பெனி மாத்திட்டாங்கன்னு சொன்னாரு.

— மூணு மாசம் முன்னாடி நீ எடை பாக்கப் போனப்ப, இதே நாற்காலியில உக்காந்துதான் கேட்டாரு. அந்த ரத்த மாத்திரையை நிறுத்திட்டா புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதில்லன்னு. நிறுத்தினா அவ உசுருக்கே ஆபத்துன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினாரு. நானும் எவ்வளவு அக்கறைன்னு நெனச்சுக்கிட்டேன், மண்டு.

— சிஸ்டர், என்னை வீட்டுக்கு அனுப்பாதீங்க.

— அனுப்பல. இன்னைக்கே இங்க படுக்கணும், ஊசி ஆரம்பிக்கணும். நான் டாக்டருக்குப் போன் பண்றேன். நீ கதவைத் தாழ் போடு.

— நர்ஸம்மா, மறுபடியும் நான்தான். எடுத்த ரத்தத்துல அப்படியே இன்னொரு டெஸ்டும் பாத்துடுங்க. நாள் தள்ளி ஒம்பது நாளாச்சு. அவளுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காது, நான்தான் காலண்டர்ல குறிச்சு வச்சிருக்கேன்.