காறை எலும்புக்கு மேலே

முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் செருப்பை எங்கே விடுவது என்றுதான் கேட்பார்கள். என்ன செய்யப் போகிறேன் என்று யாரும் கேட்பதில்லை. நானே சொல்லிவிடுவேன். படிவம் நிரப்ப வேண்டும், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடக்க வேண்டும், கண்ணாடி முன்னால் எப்போதும் போல் நிற்க வேண்டும். 'எப்போதும் போல்' என்றதுமே ஆள் விறைத்துக்கொள்வார். அதனால் ஏதாவது வம்பு பேசி, அவர் மறந்துபோய்த் தொய்ந்து நிற்கிற நேரம் பார்த்துத்தான் தோளை அளப்பேன். பிறகு மேசையில் படுக்க வைத்துக் கேட்பேன். "தொடலாமா? வலிச்சா சொல்லணும், பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கக் கூடாது." பிசியோதெரபி பார்க்கிற இந்தப் பதினாறு வருஷமாக இதே வார்த்தைகள்.

உங்கள் விசாரணைக்கு இதெல்லாம் தேவையா என்று தெரியவில்லை. வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள், சார்.

தையலம்மாவும் அப்படித்தான் வந்தார்கள். துணி வெட்டும் மேசைமேல் இருபத்தெட்டு வருஷம் குனிந்ததில் வலது தோள் முன்னால் விழுந்திருந்தது. "ரெண்டு டாக்டரைப் பாத்தாச்சும்மா. வயசாச்சுன்னு ஒருத்தர், வெயிட்டைக் குறைங்கன்னு இன்னொருத்தர். நானே அஞ்சு கிலோ இளைச்சுப் போயிருக்கேன், இன்னும் எங்க குறைக்கிறது?" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காரணமில்லாமல் எடை குறைந்ததா என்று படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. 'ஆம்' என்று எழுதினேன். படுத்தால் வலி கூடுகிறதா என்பதற்கும் 'ஆம்'.

நாற்பது நிமிஷம் வேலை செய்தேன். கழுத்தோரம் இறங்கும்போது, வலது காறை எலும்புக்கு மேலே விரலில் ஒன்று தட்டுப்பட்டது. தசை முடிச்சாக இருந்தால் அழுத்த அழுத்த இளகும், ஆள் 'ஸ்ஸ்' என்பார். இது பட்டாணி அளவு, கல் மாதிரி. நகரவில்லை, அவர்களுக்கு வலிக்கவும் இல்லை. எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. இப்படி ஒன்று கையில் பட்டால் அந்த நிமிஷமே கையை எடுத்துவிட்டு, சீட்டு எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதை வகுப்பெடுப்பதே நான்தான்.

சீட்டை எடுக்கத்தான் திரும்பினேன். அதற்குள் அவர்கள் எழுந்து உட்கார்ந்து, கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்து, அழுதுவிட்டார்கள். "ஆறு மாசமா தலை சீவ முடியலம்மா. உன் கையில அப்படி என்னதான் வச்சிருக்க? இனிமே வேற யார்கிட்டயும் போக மாட்டேன்."

அப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை. என் வேலையைக் 'கை கால் அமுக்குறது' என்று சொல்லும் மாமியாரோடும், அதைக் கேட்டுச் சிரிக்கும் கணவரோடும்தான் நான் குடித்தனம் நடத்துகிறேன். இந்த நேரத்தில் கட்டி என்று சொன்னால் பயந்துவிடுவார்கள், பாவம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று சீட்டு இருந்த இழுப்பறையை மூடினேன்.

பதினோரு வாரம் வந்தார்கள். தோள் நிமிர்ந்தது, வலியும் நிஜமாகவே குறைந்தது. நான் கெட்டிக்காரி, அதனால்தான் எல்லாம் கெட்டது. வலி இருந்திருந்தால் மூன்றாவது டாக்டரிடம் போயிருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போவேன். சுற்ற வேண்டிய இடம் வாரத்துக்கு வாரம் பெரிதானது.

ஏழாவது வாரம் மகளும் கூட வந்தாள். அம்மாவுக்குச் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போய், கத்தரிக்கோல் கையில் நிற்கவில்லையாம். "அக்கா, ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாமா?"

"நல்லா நிமிர்ந்துட்டு வர்ற நேரத்துல ஏம்மா அவங்களைப் பயமுறுத்துற? நரம்பு இளகும்போது அப்படித்தான் இருக்கும்" என்றேன். அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்பது எனக்கே ஆச்சரியம்.

தையலம்மா மகளை அதட்டினார்கள். "சும்மா இருடி. அவளுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுடப் போகுது?"

அன்று முழுக்க என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் மறுநாள் செய்த முதல் வேலை, படிவத்திலிருந்த இரண்டு 'ஆம்'களையும் அடித்து 'இல்லை' என்று எழுதியதுதான். மை வேறாக இருக்கிறதே என்று கேட்டீர்கள். அது என் கையெழுத்துத்தான்.

கட்டியை முதல் நாளே கண்டேன். எப்படிப்பட்டது என்று தெரிந்தேதான் மறைத்தேன். கடைசியில் மகள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். புற்று நுரையீரலில் கிளம்பி எலும்புவரை போய்விட்டதாம். மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அந்த மூன்று மாதமும் என் மேசையில்தான் போயின. நான் பாவி. எந்தத் தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வார்டுப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லியிருந்தீர்கள். நேற்றுப் போனேன். புகார் கொடுத்த மகள் அம்மாவிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை. அவள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். என்னைப் பார்த்ததும் அவர்கள் முகம் மலர்ந்தது. "வந்துட்டியாம்மா? எந்த ஊசிக்கும் வலி கேக்க மாட்டேங்குது. கொஞ்சம் கைய வையேன்."

வைத்தேன். பத்தே நிமிஷத்தில் தூங்கிவிட்டார்கள். தூங்குகிறவர்களை எழுப்பிச் சொல்ல மனசு வரவில்லை. அத்தனை டாக்டர்கள் இருக்கிற ஆஸ்பத்திரியில் அவர்கள் கேட்டது என் கையைத்தான், சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.