நீக்கிய சத்தம்

பழைய வீடியோ டேப்பைக் கையில் எடுத்ததும் மெஷினில் போட்டு ஓட்டிவிடக் கூடாது, ஐயா. முதலில் கடைசிவரை சுற்றி, திரும்ப ஆரம்பத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் வருஷக்கணக்கில் ஒட்டிக் கிடந்த நாடா அறுந்துபோகும். உங்கள் வீட்டுப் பரணிலும் நாலைந்து கிடக்குமே, அதற்காகச் சொல்கிறேன்.

என் தொழில் அதுதான். ஒரு காலத்தில் கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்தேன். இப்போது அதே டேப்புகளிலிருந்து பேச்சையும் பாட்டையும் பிரித்து, போனில் கேட்கிற மாதிரி எம்பி3 ஃபைல்களாக ஆக்கித் தருகிறேன். படம் மங்கிவிட்டால் யாரும் பார்ப்பதில்லை. குரல் அப்படியில்லை; செத்துப்போனவர் இருமினால்கூட உட்கார்ந்து கேட்கிறார்கள்.

போன மாதம் என் மகள் கைக்குழந்தையோடு வந்தாள்.

"அப்பா, என்னோட அஞ்சாவது பிறந்தநாள் டேப்புல நான் பாடுவேன்ல, அத மட்டும் எடுத்துக் குடுங்க. இவளுக்குப் போட்டுக் காட்டணும்."

டேப் பூஞ்சை பிடித்துவிட்டது என்றேன்.

"ஊர்ல இருக்கிற பூஞ்சையெல்லாம் துடைக்கிறீங்க. எனக்குன்னா மட்டும் முடியாதா?"

தாயில்லாப் பிள்ளை. நான் ஒருத்தனாகவே வளர்த்தேன். அவள் கேட்டு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அந்தப் பிறந்தநாளன்று அவள் அம்மா வீட்டில்தான் இருந்தாள், உள்ளறையில். நான்தான் வெளியே பூட்டியிருந்தேன். என் மனைவி கெட்டவள் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போகப்போவதாகவும், ஏன் போகிறாள் என்பதை வருகிறவர்கள் முன்னாலேயே சொல்லப்போவதாகவும் காலையில் சொன்னாள். இருபது பேர் கூடுகிற இடத்தில் என் மானம் என்னாவது? இரண்டு மணி நேரம் உள்ளே இருந்தால் ஆறிவிடுவாள் என்று நினைத்தேன். அதற்கு முன்னாலும் பூட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஆறித்தான் வெளியே வந்தாள். அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. வாயில் அடித்துக்கொள்கிற மருந்து கூடத்து அலமாரியில் இருந்தது.

வந்தவர்களிடம் தலைவலி, படுத்திருக்கிறாள் என்றேன். கூடத்து இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் போன பிறகு திறந்தேன். இழுப்பு வந்து இறந்தாள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

மகளின் பாட்டைச் சுத்தம் செய்யப் பதினோரு நாள் ஆயிற்று. பாட்டுக்குப் பின்னால் கதவு தட்டும் சத்தம். இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, பிறகு "என்னங்க". "திறங்க" என்றுகூட இல்லை, வெறும் "என்னங்க". என் அறைக் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தேன், அப்படியும் மூச்சு முட்டியது. வாசல்வரை போய் நின்றேன், அங்கேயும் கேட்டது. அந்த டேப்புக்குள் நானும்தான் இத்தனை வருஷம் அடைபட்டுக் கிடக்கிறேன். இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

வேண்டாத சத்தத்தில் ஒரு துளியைக் காட்டிக் கொடுத்தால், கம்ப்யூட்டர் அதே மாதிரி உள்ளதையெல்லாம் தேடி உருவிவிடும். உருவியதை மட்டும் தனியாகக் கேட்க ஒரு பொத்தான் உண்டு. பாட்டும் சேர்ந்து போய்விட்டதா என்று அதில் சரிபார்க்கலாம். நானும் பார்த்தேன். பாட்டு ஒரு எழுத்துகூடப் போகவில்லை, எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பொத்தானை அணைக்காமலே ஃபைலைச் சேமித்து மகளுக்கு அனுப்பிவிட்டேன். புதிதாக வேலை பழகுகிறவன்கூட இப்படிச் செய்யமாட்டான்.

மறுநாள் மகள் தனியாக வந்தாள். அழவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பாட்டே இல்லப்பா. அம்மா மட்டும்தான் இருக்காங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"முதல்ல தட்டுறது கிட்டக் கேக்குது. அப்புறம் திடீர்னு தூரமாப் போயிடுது. அம்மா கதவ விட்டு நகந்துட்டாங்களா?"

"இல்லம்மா. மைக்கைத்தான் நகத்துனேன்."

தொழில் விஷயத்தில் யார் கேட்டாலும் நான் பொய் சொல்வதில்லை. அவள் நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

மைக்கை ஏன் நகர்த்தினேன் என்று நீங்கள் கேட்கிறீர்கள். சொல்கிறேன். கூடத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் மைக் ஸ்டாண்டு அந்தக் கதவை ஒட்டி இருந்தது, என் காதில் ஹெட்போன் இருந்தது. முதல் தட்டிலிருந்தே எனக்குக் கேட்டது. அவளுக்கு எது வேண்டும் என்பதும் தெரியும். அலமாரி நாலு எட்டுத் தூரம். நான் ஸ்டாண்டைத் தூக்கி மகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதற்குப் பிறகு இருபத்திரண்டு நிமிஷம் தட்டியிருக்கிறாள், கடைசியில் விரல் நகத்தால். பிள்ளையின் பாட்டு கெட்டுவிடக் கூடாதே என்றுதான் அப்படிச் செய்தேன்.

சரியான ஃபைலையும் எடுத்து வைத்திருக்கிறேன். மகள் என் போனை எடுப்பதில்லை, நீங்களாவது அவளிடம் சேர்த்துவிடுங்கள். அதில் துளிகூட வேறு சத்தம் இல்லை. ஒரு தடவை கேட்டால் போதும், அவள் எல்லாவற்றையும் மறந்துவிடுவாள்.